ஷாக் வேவ் மெஷினில் பாரைக் கூட்டினால் குதிகால் வலி சீக்கிரம் போகுமா?

அம்மாவுக்குக் குதிகால் வலி, அண்ணா நகரில் இருந்தபோது ஒரு பிசியோ மெஷினின் காற்றழுத்தத்தை 2 பாரில் வைத்து ஷாக் வேவ் கொடுத்தார், வேளச்சேரிக்கு வீடு மாறிய பிறகு இங்கே இருப்பவர் 3.5 வைக்கிறார், எது சரி, கூட்டினால் சீக்கிரம் குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டரும் இல்லை, பிசியோவும் இல்லை. சென்னையில் பதினோரு வருடமாக இந்த மாதிரி மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். அதனால் மெஷின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்: திரையில் தெரிகிற அந்த 2, 3.5 எதுவும் உங்கள் அம்மாவின் காலுக்குள் போகிற அழுத்தம் இல்லை.

முதலில், இதில் கரண்ட் ஷாக் கிடையாது. பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் மிரண்டுவிடுகிறார்கள். என் அம்மாவே "அந்தக் கரண்ட் வைத்தியம் எனக்கு வேண்டாம்ப்பா" என்றுதான் ஆரம்பித்தார். உள்ளே இருப்பது வெறும் காற்று. மாநகரப் பேருந்தில் தானியங்கிக் கதவு புஸ்ஸென்று மூடுகிறதே, அதே சமாச்சாரம்தான். கம்ப்ரசர் காற்றை அடைத்து வைக்கும், ஒரு வால்வு திறக்கும், பிசியோ கையில் பிடித்திருக்கும் துப்பாக்கி மாதிரியான ஹேண்ட்பீஸுக்குள் சில கிராம் எடையுள்ள ஓர் உலோகத் துண்டு குழலில் பாய்ந்து வந்து, முனையில் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் அப்ளிகேட்டரின் முதுகில் மோதும். அந்தத் துண்டு வெளியே வராது. கேரம் போர்டில் இரண்டு காய்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது முன்காயை ஸ்ட்ரைக்கர் அடித்தால் பின்காய்தான் பறக்கும் இல்லையா, அப்படி மோதலின் வேகம் மட்டும் அப்ளிகேட்டர் வழியாக, ஜெல் வழியாக, தோலுக்குள் அழுத்த அலையாக இறங்குகிறது. தோலில்தான் அது பலமாக இருக்கும், உள்ளே போகப் போகப் பரவிக் குறைந்துவிடும்.

ஷாக் வேவ் என்கிற பெயரே கொஞ்சம் இரவல்தான். 1980-ல் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்தே உடைத்தார்கள் பாருங்கள், அது உண்மையான ஷாக் வேவ், அழுத்தம் நானோ நொடிகளில் ஏறிவிடும், அலையை உள்ளே ஒரு புள்ளியில் குவிக்கவும் முடியும். நம் காற்று மெஷினில் மைக்ரோ நொடிக் கணக்கில் நிதானமாகத்தான் ஏறும், குவியவும் குவியாது. குதிகால் மாதிரி ஆழமில்லாத இடத்துக்கு இது போதும் என்பதால்தான் தெருவுக்குத் தெரு பிசியோ கிளினிக்கில் இதைப் பார்க்கிறோம்.

சரி, கட்டுப்பாட்டுக்கு வருவோம். பிசியோ கையில் இருப்பவை மூன்று எண்கள்தான்: எத்தனை பார், நொடிக்கு எத்தனை அடி (அதாவது மோதல்), மொத்தம் எத்தனை அடி. பார் என்பது உலோகத் துண்டைப் பின்னாலிருந்து தள்ளும் காற்றின் அழுத்தம். சென்சார் அளப்பதும் அதைத்தான், மோதல் எவ்வளவு பலமாக இருந்தது என்று அதற்குத் தெரியாது. மீதி வேலை முழுக்க வால்வு திறந்து மூடும் நேரத்தில் இருக்கிறது. 10 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பத்து அடி என்றால் ஓர் அடிக்கு 100 மில்லிநொடி. அதற்குள் மின்சாரத்தில் திறந்து மூடும் அந்த சொலினாய்டு வால்வு சில மில்லிநொடி திறந்து காற்றை விட வேண்டும், மூடி, பின்பக்கக் காற்றை வெளியேற்ற வேண்டும், முன்பக்கம் நசுங்கி நிற்கும் காற்று துண்டைப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும், டேங்க் மறுபடி நிறைய வேண்டும். 20 ஹெர்ட்ஸ் வைத்தால் இதெல்லாம் 50 மில்லிநொடியில் நடந்தாக வேண்டும். மெஷின் சுமாரானதாக இருந்தால் துண்டு முழுசாகப் பின்னால் போவதற்குள் அடுத்த காற்று வந்துவிடும், ரன்-அப் இல்லாமல் வேகப்பந்து போடுகிற கதைதான். சத்தம் படபடவென்று வரும், அடியில் சாரம் இருக்காது. குதிகாலுக்கு வழக்கமாக ஒரு முறைக்கு 2000 அடி, வாரம் ஒன்றாக மூன்று வாரம் கொடுப்பார்கள். 10 ஹெர்ட்ஸில் அந்த 2000 அடி முடிய மூன்று நிமிடம் இருபது நொடி, 20-ல் அதில் பாதி. வெளியே பத்து பேர் காத்திருக்கும் கிளினிக்கில் 20-க்கு ஏன் கை போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கிளினிக்கில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும். மெஷின் டல்லடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் காற்றை அடைத்து நிற்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்து காற்று கசிகிறது, குழலுக்குள் கருப்பாகப் பிசுக்கு, கம்ப்ரசர் டேங்கில் ஒரு டம்ளர் தண்ணீர். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு வாரம் ஒருமுறையாவது அதை வடிக்க வேண்டும், மாதக்கணக்கில் யாரும் தண்ணீர் வடிக்கும் குமிழைத் தொடவே இல்லை. அடி குறையக் குறைய அங்கிருந்த பிசியோ அரை அரை பாராகக் கூட்டிக்கொண்டே வந்து 4-ல் நிறுத்தியிருக்கிறார். நானும் எல்லாவற்றையும் மாற்றி, துடைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் போன். பழைய பழக்கத்தில் அதே 4 பாரை ஒரு பெரியவரின் காலில் வைத்திருக்கிறார்கள், மனுஷன் அலறிக்கொண்டு கட்டிலை விட்டே இறங்கிவிட்டாராம். எண் மாறவில்லை, அடிதான் மாறியிருந்தது. அதைச் சொல்லாமல் வந்தது என் தப்பு. அப்புறம் எந்த சர்வீஸ் முடித்தாலும் "1.5-ல் ஆரம்பிக்கவும்" என்று எழுதி மெஷின் மேல் ஒட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.

ஆகவே அண்ணா நகர் 2-ஐயும் வேளச்சேரி 3.5-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. மெஷின் வேறு, அப்ளிகேட்டர் வேறு, பிசியோ அழுத்திப் பிடிக்கும் கையும் வேறு. புது இடத்தில் குறைவாக ஆரம்பித்து, அம்மா தாங்குகிற அளவுக்குப் படிப்படியாக ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டாம், வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள், எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு அதுதான் அளவுகோல். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள், போட்டுவிட்டால் அந்த அளவுகோலே போய்விடும்.

இன்னொன்று, அம்மா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா? சாப்பிட்டால் அடுத்த முறை படுக்கும் முன்பே பிசியோவிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். இரண்டு இடத்திலும் இதுவரை இதைக் கேட்கவே இல்லை என்றால் எனக்கு அந்த 3.5-ஐ விட இதுதான் உறுத்தும்.