ரெச்செனித்சாவில் கால் முந்துகிறதா?

மிருதங்கம் பழகியும், பல்கேரிய நாட்டுப்புற ஆட்டமான ரெச்செனித்சாவை ஆடும்போது எப்போதும் கால் முந்திவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மிருதங்கம்தான் காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது! ஏழு மாத்திரைத் தாளமான மிஸ்ர சாப்பில் மூன்று முதலில் வரும்: தகிட தகதிமி. ரெச்செனித்சாவிலும் ஏழுதான், ஆனால் மூன்று கடைசியில்: தக தக தகிட.

ஏழு வரை எண்ணாதீர்கள், அந்த வேகத்துக்கு நாக்கு புரளாது. குட்டை, குட்டை, நெட்டை என மூன்றே அடிகள். வலது, இடது, வலது. அடுத்த சுற்று இடது, வலது, இடது. நெட்டை அடியில் அப்படியே நின்றுவிடாமல் முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி இறங்குங்கள். நீங்கள் விழுங்கிவிடும் அந்த ஒரு மாத்திரை அங்கேதான் இருக்கிறது. முதலில் கையைத் தட்டிப் பழகுங்கள், அப்புறம் கால்.

அதுவும் சரிவரவில்லையா? பைதுஷ்கோ என்ற இன்னொரு பல்கேரிய ஆட்டத்தை முதலில் ஆடிப் பாருங்கள். அதில் ஐந்து மாத்திரைதான்: தக தகிட.