பப்புவா நியூ கினியின் காட்டுக் கிராமத்தில் ஒரு மிஷனரி தம்பதி வீட்டை எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும்?

சாலை கிடையாது, சின்ன விமானம் மட்டும் இறங்கும், செப்பிக் ஆற்றுப் பகுதியின் தாழ்நிலக் காடு, கணவன் மனைவி இருவர், மொழி கற்று வேதாகம மொழிபெயர்ப்புக்காகப் பல வருடம் தங்கப் போகிறார்கள். கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது. இந்த மாதிரிக் கேள்வி வந்தால் பலரும் பாம்பையும் முதலையையும் பற்றித்தான் பேசுவார்கள். நடைமுறையில் ஆளைச் சாய்ப்பது வீட்டு வேலை. தண்ணீர் தூக்கி, விறகு வெட்டி, துணி துவைத்து, பூஞ்சை துடைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டால் மொழி எப்போது கற்பது? ஆகவே எதை வாங்கினாலும் எதைக் கட்டினாலும் அது தினமும் எத்தனை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள்.

முதலில் நிலம். அந்த நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 97 சதவீதம் குலங்களின் வழிவழிச் சொத்து. வெளியார் விலைக்கு வாங்க முடியாது, இருக்க அனுமதிதான் வாங்க முடியும். ஊர்ப் பெரியவர் ஒருவர் தலையாட்டினால் போதாது. அந்தத் துண்டு நிலத்தின் மேல் உரிமை சொல்லக்கூடிய எல்லாக் கிளைகளையும் உட்காரவைத்துப் பேசி, அந்நாட்டின் பொது மொழியான டோக் பிசினில் எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். தம்பதி ஊரைவிட்டுப் போனால் வீடு யாருக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும். பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பகுதி இதில்தான் வரும். மரத்துக்குத் தனியாக உரிமையாளர் இருப்பார். நிலம் ஒருவருடையது, அதில் நிற்கும் மரம் அவருடைய சித்தப்பா மகனுடையது என்பது அங்கே சகஜம். தூண் மரத்துக்கு ஒன்றுக்கு இவ்வளவு கினா (அந்நாட்டுப் பணம்) என்று வெட்டும் முன்பே பேசி முடியுங்கள். சில்லறை நோட்டுகளாகக் கொண்டு போங்கள். 100 கினா நோட்டுக்குக் காட்டில் மீதி தர ஆள் கிடையாது.

தூணுக்கு க்விலா மரம் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். கரையான் எளிதில் தொடாது, மண்ணுக்குள் பல வருடம் நிற்கும். ஆனால் முன்கூட்டியே துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். முதல் மழைகளில் காப்பி நிறச் சாயம் வடியும், அது மரத்தின் குறையல்ல. தூணின் தலையில், விட்டத்துக்குக் கீழே, ஓரம் மடித்த துத்தநாகத் தகரத் தொப்பி ஒன்று போடுவார்கள். அது கரையானைத் தடுத்து நிறுத்திவிடும் என்று நினைப்பது தவறு. தகரத்தைச் சுற்றி வெளிப்பக்கமாக மண்குழாய் கட்டிக்கொண்டுதான் கரையான் மேலே ஏறும். அந்தக் குழாய் கண்ணில் படும் என்பதே தொப்பியால் கிடைக்கும் லாபம். ஆகவே மாதம் ஒருமுறை டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் போய்ப் பார்க்காவிட்டால் தொப்பி போட்டதும் போடாததும் ஒன்றே. பலகையை ஊரிலேயே நடமாடும் அறுவை இயந்திரத்தால் அறுக்கலாம். பச்சை மரம் காயும்போது சுருங்கும், தரைப்பலகை இடையே விரல் நுழையும் இடைவெளி விழும். முடிந்தால் சில மாதம் நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கிக் காயவிடுங்கள்.

கூரைக்குச் சவ்வரிசிப் பனை ஓலை அழகு, குளிர்ச்சி, உள்ளூர்ப் பொருள். ஆனாலும் வேண்டாம் என்பேன். ஓலையிலிருந்து வரும் தண்ணீர் குடிக்க உதவாது, எலி குடியேறும், சில வருடத்தில் மாற்ற வேண்டும். தகரம் போடுங்கள். திருகாணியைத் தகரத்தின் மேட்டில் ரப்பர் வாஷரோடு இறக்குங்கள். பள்ளத்தில் இறக்கினால் ஒழுகும். தகரத்தின் நீளத்தைக் கடையில் முடிவு செய்யாதீர்கள், விமானிக்கு எழுதிக் கேளுங்கள். விமானக் கதவில் நுழையாத தகரம் ஓடுபாதை ஓரத்திலேயே கிடக்கும். கூரை சுவரைத் தாண்டி ஒரு மீட்டராவது நீளட்டும், சாரல் பக்கவாட்டில்தான் அடிக்கும்.

இனி தண்ணீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 80 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 8,000 லிட்டர். பீலியில் (கூரை ஓரத்து நீர்வாரியில்) வழிந்து போவதையும் சேதாரத்தையும் கழித்தால் 6,500 கைக்கு வரும். இருவரும் வாளிக் குளியலோடு சிக்கனமாக இருந்தால் நாளுக்கு 80 லிட்டர் போதும். அந்தக் கணக்கில் 5,000 லிட்டர் தொட்டி இரண்டு மாதம் தாங்கும். சாதாரண வருடத்துக்கு இது தாராளம். 1997, 2015 எல் நினோ வறட்சி போல வந்தால் பத்தாது, எனவே இரண்டு தொட்டி நல்லது. 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி சின்ன விமானத்தில் ஏறாது. ஆற்றங்கரை ஊராக இருந்தால் மிதக்கவிட்டுப் படகில் கட்டி இழுக்கலாம். இல்லையென்றால் மடித்து எடுத்துப்போகும் துணித்தொட்டி அல்லது ஹெலிகாப்டர்.

உயரக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீடு இரண்டு மீட்டர் தூணில் நிற்கிறது, சமையலறைக் குழாய் தரையிலிருந்து மூன்று மீட்டர். தொட்டி தரையில் இருந்தால் தண்ணீர் தானாக ஏறாது. தொட்டியை மேலே தூக்கி வைக்கலாமென்றால் 5,000 லிட்டர் என்பது ஐந்து டன், அதைத் தாங்கும் மேடை கட்டுவது தனி வேலை. பெரிய தொட்டி கீழேயே இருக்கட்டும். கூரைக்குச் சற்றுக் கீழே 200 லிட்டர் டிரம் ஒன்று, நடுவில் 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப். நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளும் பம்ப் 20 நிமிடத்தில் டிரம்மை நிரப்பிவிடும், இரண்டு ஆம்பியர்-மணி கூடச் செலவாகாது. பம்புக்கு முன்னால் வடிகட்டி போட மறக்காதீர்கள், ஒரு இலைத் துணுக்கு போதும் வால்வு அடைத்துக்கொள்ள. பீலிக்கும் தொட்டிக்கும் நடுவே 40 லிட்டர் பிடிக்கும் செங்குத்துக் குழாய் ஒன்று வைத்து, கூரையைக் கழுவி வரும் முதல் தண்ணீரை அதில் தேக்கி வெளியேற்றுங்கள். அடியில் சிறு துளை இருந்தால் தானே வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். தொட்டியின் எல்லா வாய்க்கும் கொசுவலை கட்டாயம். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சுங்கள், அல்லது 5 முதல் 6 சதவீத வாசனையில்லாத ப்ளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் வையுங்கள்.

மின்சாரத்துக்கு மாதிரிக் கணக்கு ஒன்று. விளக்குகள் 80 வாட்-மணி, இரண்டு மடிக்கணினி 360, 12 வோல்ட் பெட்டிக் குளிர்பதனி 400, ரேடியோவும் பம்பும் 60. மொத்தம் நாளுக்கு 900. இழப்பையும் சேர்த்தால் 1,100க்கு மேல். மேகமும் மரமும் சூழ்ந்த இடத்தில் நல்ல வெயில் மூன்றரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 320 வாட் பேனல் கணக்குக்குச் சரி, மழைக்காலத்துக்கு 600 வேண்டும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். இரண்டு நாள் தாங்க 6 வோல்ட் 225 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு வேண்டும், நூறு கிலோவுக்கு மேல் எடை. அதே வேலையை லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஐம்பது கிலோவுக்குள் முடிக்கும். ஆனால் விமானச் சரக்கில் அது அபாயப் பொருள் பட்டியலில் வருகிறது. பொட்டலம் கட்டும் முறையையும் ஆவணத்தையும் முன்பே கேட்டு வையுங்கள். சமையல் எரிவாயு உருளைக்கும் இதே கதைதான். செயற்கைக்கோள் இணைய டிஷ்ஷை 24 மணி நேரமும் ஓடவிட்டால் வீட்டு மொத்தச் செலவைவிட அது அதிகமாகக் குடிக்கும். தேவைக்கு மட்டும் சுவிட்ச் போடுங்கள்.

இணையம் இருக்கிறதே என்று தொலைதூரம் பேச உதவும் எச்எஃப் (சிற்றலை) ரேடியோவை விட்டுவிடாதீர்கள். 143ஐப் பேசும் அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால், அதன் ஆன்டெனாவான டைபோல் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 6 மெகாஹெர்ட்ஸுக்கு 24 மீட்டர். ஐந்து முதல் பத்து மீட்டர் உயரத்தில் கட்டினால் போதும், சில நூறு கிலோமீட்டருக்குள் பேச அந்த உயரமே உகந்தது. பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயர் போட்டால் வோல்ட் விழுந்து குரல் உடையும், ஆள் ரேடியோவைக் குறை சொல்வார்.

உடம்புக்கு வருவோம். அங்கே ஃபால்சிபாரம், வைவாக்ஸ் இரண்டு மலேரியாவும் உண்டு. கொசு அந்தி சாய்ந்ததும் கடிக்கத் தொடங்குவதால் படுக்கை வலை மட்டும் போதாது. வராந்தாவுக்கும் வலை அடியுங்கள், மாலையில் முழுக்கை அணியுங்கள். ஃபைபர் வலையை எலி கடிக்கும், இரும்பு வலை துருப்பிடிக்கும். செலவானாலும் துருப்பிடிக்காத எஃகு வலையே நிற்கும். தடுப்பு மருந்து எது என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும், கர்ப்பம் திட்டமிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கையில் மலேரியா விரைவுச் சோதனை அட்டையும் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் என்ற மலேரியா மாத்திரையும் இருக்க வேண்டும். மூன்று நாளில் ஆறு வேளை, கொழுப்புள்ள உணவோடு. காய்ச்சல் விட்டதென்று நான்காவது வேளையோடு நிறுத்துவது பெரிய தவறு. வைவாக்ஸ் ஈரலில் பதுங்கித் திரும்பி வரும். அதற்கான ப்ரைமாக்வின் மருந்துக்கு முன் ஜி6பிடி என்ற நொதி உடம்பில் குறைவா என்று பார்க்கும் சோதனை அவசியம், அதை நகரத்தில் இருக்கும்போதே செய்துவிட்டுப் போங்கள்.

கழிப்பறைக் குழி தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி, பள்ளத்தின் பக்கம். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் மேடு கட்டி மேலே தூக்குங்கள்.

வீட்டின் அமைப்பில் விருந்தாளிதான் முக்கியம். ஆட்கள் காலையிலிருந்தே வருவார்கள், அதில் எரிச்சல்படுகிறவர் அந்த ஊருக்குப் போகவே வேண்டாம். கூரையோடு பெரிய வராந்தா, பெஞ்சு, தரையில் நெருப்பு மூட்ட ஓர் இடம். மொழி கற்கும் வகுப்பறையும் அதுதான். சாமான் அறை மட்டும் வராந்தாவிலிருந்து தெரியக் கூடாது. அரிசி மூட்டையும் டின் மீனும் அடுக்கியிருப்பது கண்ணில் பட்டால் கேட்பார்கள்; அவர்கள் வழக்கப்படி இருப்பவர் தருவதே முறை, தராதவர்தான் மோசமானவர்.

கொஞ்ச நாளுக்கு ஊரைவிட்டுப் போகும்போது பம்பின் வயரைக் கழற்றுங்கள், குளிர்பதனியைக் காயவைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள், பேனலை பேட்டரியோடு இணைத்தபடியே விடுங்கள். ஈய பேட்டரியைத் துண்டித்து மாதக்கணக்கில் போட்டால் தானாக இறங்கிக் கெட்டுவிடும். பீலியை மாதம் ஒருமுறை சுத்தம் செய்ய ஒருவருக்குக் கூலி பேசி, பாதியை முன்பணமாகவும் மீதியைத் திரும்பி வந்த பிறகும் கொடுங்கள்.