மனசு சரியில்லை, யாரைப் பார்ப்பது, எங்கே நடப்பது: மதுரைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுரையில் மனநல சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். மனநலம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எழுதியதைச் சுருக்கி, பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். மாத்திரையின் அளவைக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை, அது உங்களை நேரில் பார்க்கிற டாக்டர் சொல்ல வேண்டியது.

செல்லூர்: மூன்று மாதமாக எதிலும் பிடிப்பே இல்லை அக்கா. சமைக்கவே வெறுப்பாக இருக்கிறது. எல்லாரும் வாக்கிங் போ, கோவிலுக்குப் போ என்கிறார்கள். எழுந்திருக்கவே முடியவில்லை. நான் சோம்பேறியாகிவிட்டேனா?

இல்லைம்மா. சோம்பேறிக்குப் படுத்திருப்பது சுகமாக இருக்கும். நீங்கள் படுத்திருக்கிற நேரமெல்லாம் உங்களையே திட்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் ஒன்றில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இப்படியே இருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு உண்டு, உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, அதனால் டாக்டரைப் பாருங்கள். கூடவே தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், அந்த இரண்டும் இதே மாதிரி ஆளைப் படுக்கவைக்கும்.

வாக்கிங் போகச் சொல்கிறவர்கள் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் இந்த நோய் முதலில் பிடுங்கிக்கொள்வது "போகலாம்" என்கிற அந்த ஆசையைத்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. மனசு வரட்டும், அப்புறம் நடக்கிறேன் என்று காத்திருந்தால் அது வரவே வராது. சிகிச்சையில் இதைத் தலைகீழாகச் செய்வோம். ஆசை வருவதற்கு முன்பே ஒரு சின்ன வேலையை நேரம் குறித்து வைத்துச் செய்வது, செய்வதற்கு முன்னால் மனசு எப்படி இருந்தது, செய்த பிறகு எப்படி இருந்தது என்று பத்துக்கு இத்தனை என மார்க் போட்டு ஒரு நோட்டில் எழுதுவது. பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று இதற்குப் பெயர், மனச்சோர்வுக்கு நன்றாகவே வேலை செய்கிற முறை. சின்ன வேலை என்றால் நிஜமாகவே சின்னது: காலையில் ஆறரைக்கு வாசலில் போய் நின்று வெளிச்சம் முகத்தில் படும்படி டீ குடிப்பது, அவ்வளவுதான். அடுத்த வாரம் தெருமுனை வரை. அதற்கப்புறம் ஒருநாள் காந்தி மியூசியம் வரை போய் அந்த மரநிழலில் பத்து நிமிடம். ஒன்று முக்கியம்: வீட்டில் யாராவது ஒருவர் "நீ போ" என்று சொல்லாமல் "வா, நானும் வருகிறேன்" என்று செருப்பை மாட்ட வேண்டும். நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டால் இந்தப் பதிலை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

கே.கே.நகர்: கவுன்சிலர், சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட், யாரைப் பார்ப்பது? கையில் காசும் அதிகம் இல்லை.

சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர், நோய் என்ன என்று கண்டுபிடித்து மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் பரிசோதனைகளும் செய்வார், மருந்து எழுத மாட்டார், அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கவுன்சிலர் என்ற பலகையை மட்டும் குறுகிய பயிற்சி முடித்தவர்கள் கூட மாட்டிவிடுகிறார்கள், அதனால் என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் பழகினார் என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் கெட்டிருந்தால் முதலில் சைக்கியாட்ரிஸ்ட். காசு இல்லையென்றால் நம் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் பணம் கிடையாது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். நேரில் போக இன்னும் தைரியம் வரவில்லையென்றால் 14416க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஆரப்பாளையம், ஆட்டோ ஓட்டுபவர்: திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. ஈ.சி.ஜி. எடுத்து, இருதய டாக்டரும் பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லை என்கிறார். பிறகு ஏன் வருகிறது?

அண்ணே, முதலில் இருதயத்தைப் பார்த்தது மிகச் சரி. அது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் இப்படி வந்தால் பேனிக் அட்டாக்காக இருக்கலாம். புலி துரத்தினால் உடம்பு ஓடுவதற்கு எப்படித் தயாராகுமோ அதேதான் நடக்கிறது, புலி மட்டும் இல்லை. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும், இறங்காமல் இருந்ததே இல்லை என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். நான்கு எண்ணி மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக வெளியே விடுங்கள், வேகமாக இழுத்தால் தலைசுற்றல்தான் கூடும். பாதம் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள். அந்த இடத்துக்கே இனி போக மாட்டேன், அந்தப் பாலத்தில் ஓட்ட மாட்டேன் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், ஒன்று ஒன்றாக விட்டுக்கொடுத்தால் பிறகு ஸ்டாண்டுக்குப் போவதே கஷ்டமாகிவிடும். நாளுக்கு எட்டு டீ என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பாதியாக்குங்கள்.

தெரிந்த மெடிக்கலில் வாங்கிப் போடுவதாகச் சொன்ன தூக்க மாத்திரை பழக்கமாகிவிடக்கூடிய வகை, அதை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் இனி வாங்காதீர்கள். பல மாதமாகப் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மேலூர்: மனநல மாத்திரை போட்டால் ஆயுசுக்கும் போட வேண்டுமா?

மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரைகள் பெரும்பாலும் அடிமையாக்குகிற வகை இல்லை. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல் மாதிரி தொந்தரவு மட்டும் தெரிவதால் அப்போதே நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், நீங்கள் கேட்ட மாதிரி திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம், நோயும் திரும்பலாம். இல்லாத குரல் கேட்பது மாதிரியான மனச்சிதைவு, அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற இருதுருவ மனநோய் என்றால் பல வருடம் தேவைப்படலாம். சர்க்கரைக்குப் போடுவதில் யாருக்கும் வெட்கம் இல்லை, இதற்கு மட்டும் ஏன்?

உசிலம்பட்டி: பையனுக்கு 22 வயது. யாரோ காதுக்குள் பேசுவதாகச் சொல்கிறான், ராத்திரி தூங்குவதில்லை. கோடாங்கியிடம் பார்த்தோம், காத்துக் கருப்பு என்றார். தர்காவில் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள்.

அய்யா, இதற்கு நடைப்பயிற்சியோ காற்று வாங்குவதோ பேசிப் புரியவைப்பதோ போதாது. காதில் குரல் கேட்பது மூளையின் நோய் ஒன்றின் அறிகுறியாக இருக்கலாம், மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், தள்ளிப்போடப் போடத்தான் கஷ்டம். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை, கும்பிட்டுவிட்டு மாத்திரையும் போடட்டும். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்து கிடைக்கட்டும் என்று தவா துவா திட்டம் கொண்டுவந்தார்கள். அது ஏன் தேவைப்பட்டது என்று நம் பக்கத்துக்காரர்கள் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்களையும் சேர்த்து 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. பையனை எங்கேயும் கொண்டுபோய் விடாதீர்கள், கூட வைத்துக்கொண்டே வைத்தியம் பார்க்கலாம்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று அங்கேயே கேளுங்கள். அதுவரை பொறுக்க முடியாத நிலை என்றால் நேராகப் பெரியாஸ்பத்திரி. மதுரையில் 1992இலிருந்து இயங்கும் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை மறுவாழ்வுப் பயிற்சியும் தருகிறது, குணமாகி வேலைக்குப் போகும் கட்டத்தில் அது உதவும். அப்புறம், குரல் கேட்பது பொய் என்று அவனோடு வாதாடாதீர்கள். "உனக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீ பயந்திருக்கிறாய் என்று தெரிகிறது, வா டாக்டரிடம் போவோம்" என்று சொல்லுங்கள்.

திருநகர்: இயற்கையில் இருந்தால் மனசு தேறும் என்பது உண்மையா? மதுரை வெயிலில் எங்கே போவது?

உண்மைதான், ஆனால் அளவோடு சொல்கிறேன். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்து 2019இல் வந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருந்தவர்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரே நாளில் இருந்தாலும் சரி, பிரித்துப் போனாலும் சரி. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகவும் செய்வார்கள் என்பதால் இதை வைத்து மட்டும் மருந்து மாதிரி சொல்லிவிட முடியாது. ஆனால் காலை வெளிச்சம் தூக்கத்தைச் சீராக்குவதும், நடப்பது மனச்சோர்வைக் குறைப்பதும், மரமும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அரைப்பது கொஞ்சம் ஓய்வதும் நான் ஆட்களிடம் பார்த்ததோடு பொருந்துகிறது.

உங்களுக்குத் திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதை பக்கத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஏன் யோசிக்கிறீர்கள்? மற்றவர்களுக்கு: தெப்பக்குளம் சுற்று, வண்டியூர் கண்மாய்க் கரை, கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக்குளமும் ஆலமரமும். குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தாலே போதும், மலை ஏற வேண்டியதில்லை. விடுமுறை நாளில் அழகர்கோவில் சோலை, அல்லது அரிட்டாபட்டி. அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, டங்ஸ்டன் சுரங்கம் வருவதாக இருந்ததை அந்த ஊர்க்காரர்கள் போராடி நிறுத்தினார்கள், அந்தப் பாறைகளைப் பார்க்கும்போது அதுவும் நினைவுக்கு வரட்டும். சித்திரை, வைகாசியில் காலை ஏழுக்குள் வீடு திரும்பிவிடுங்கள். போனைப் பையில் போடுங்கள். மலைப்பக்கம் தனியாக வேண்டாம்.

திருமங்கலம்: பிரசவமாகி இரண்டு மாதம். காரணமில்லாமல் அழுகிறேன். பிள்ளை மேல் பாசமே வரவில்லை. மாமியார் திமிர் என்கிறார்.

திமிர் இல்லைம்மா. பச்சை உடம்புக்காரிக்கு முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம், இரண்டு மாதம் ஆகியும் இருந்தால் அது பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வாக இருக்கலாம். பாசம் வராததும் அந்த நோயின் ஒரு பகுதி, நீங்கள் கெட்ட அம்மா என்று அர்த்தமில்லை. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போடக்கூடிய மாத்திரைகள் உண்டு. பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது நர்ஸிடமே சொல்லிவிடுங்கள். ராத்திரி ஒரு தடவையாவது வேறு யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் சேர்ந்தாற்போல் நான்கைந்து மணி நேரம் தூங்க வேண்டும். தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசுவது, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயம் என்று வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

திருப்பாலை, கல்லூரி மாணவர்: நண்பன் ராத்திரி "இனி இருக்க மாட்டேன்" என்று மெசேஜ் போட்டான். காலையில் சும்மா சொன்னேன் என்கிறான்.

சும்மா என்று விட்டுவிடாதீர்கள் தம்பி. தனியாக உட்காரவைத்து நேராகவே கேளுங்கள்: "செத்துவிடலாம் என்று நினைக்கிறாயா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போலாகும் என்ற பயம் தேவையில்லை, கேட்டவுடன் பாரம் இறங்கி அழுபவர்கள்தான் அதிகம். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அவன் கைக்கு எட்டுகிற ஆபத்தான எதையும் அப்புறப்படுத்துங்கள், அவன் பக்கத்திலேயே இருந்து 14416க்குப் பேசுங்கள், அவசரம் என்றால் 108. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாலும் வீட்டிலோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ சொல்லத்தான் வேண்டும். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்க வேண்டாம், 2017 சட்டம் அப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதச் சொல்கிறது.

தல்லாகுளம்: சித்திரைத் திருவிழாக் கூட்டம் என்றாலே கை கால் நடுங்குகிறது. அழகரைப் பார்க்க வராத பிள்ளையா என்று வீட்டில் திட்டு.

மதுரைக்கு வருகிற அழகரை வரவேற்கிற எதிர்சேவையே உங்கள் வாசலில் நடக்கும்போது உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆற்றில் இறங்குகிற அன்றைக்குப் பல லட்சம் பேருக்கு நடுவில் போய் நின்று பயத்தை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். பயத்துக்கான சிகிச்சையில் படி படியாகத்தான் போவோம்: முதலில் தமுக்கம் மைதானத்தில் ஒரு சாதாரண மாலை, அடுத்து சனிக்கிழமை மாசி வீதிகள், அடுத்து புதுமண்டபம் பக்கம். ஒவ்வொரு இடத்திலும் பயம் ஏறி, தானாக இறங்குகிற வரை நிற்க வேண்டும், ஏறும்போதே ஓடி வந்துவிட்டால் அடுத்த தடவை கூடுதலாக ஏறும். ஒரு படி சலிப்பாகத் தோன்றிய பிறகுதான் அடுத்த படி. திருவிழாவுக்கு இந்த வருடம் அழகர் மலைக்குத் திரும்புகிற நாளை வைத்துக்கொள்ளுங்கள், இறங்குகிற நாளை விடக் கூட்டம் மட்டாக இருக்கும். கூட ஒருவரை வைத்துக்கொண்டு, ஓரமாக, வீட்டுக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் நில்லுங்கள். திட்டுகிறவர்களிடம் திரும்பும்போது பார்க்கிறேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.