பிடித்தம் 1,500தான், ஆனால் எத்தனை ரூபாய்க்கு?

கேள்வி: மதுரையில் சின்னதாக இட்லிக் கடை வைத்திருக்கிறேன். தண்டலில் 20,000 எடுத்தேன். 2,000 பிடித்துக்கொண்டு 18,000 கொடுத்தார். தினம் 200 வீதம் 100 நாள். இன்னும் 40 நாள் பாக்கி. இப்போது கிரைண்டர் மாற்ற 10,000 வேண்டும். வேறொரு தண்டல்காரர் 12,000க்கு 1,500 மட்டும் பிடிப்பதாகச் சொல்கிறார், தினம் 120 வீதம் அதே 100 நாள். கொழுந்தனாரோ, "வெளியே எதுக்கு அண்ணி? நான் 50,000 தர்றேன். 3 ரூபாய் வட்டி போதும், அசலை மெதுவாகத் தாங்க" என்கிறார். பேங்க் நகைக்கடனுக்கு 10 சதவீதம் கேட்கிறார்கள். 2 பவுன் வளையல் கையில் இருக்கிறது. கவலையில் தூக்கமே வரவில்லை. எதை எடுப்பது?

பதில்: தண்டல் ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். உங்களைக் கடிப்பது வேறு பழக்கம். 1,500, 2,000, 3 ரூபாய், 10 சதவீதம் என்று மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்துச் சின்னதை எடுக்கிறீர்கள். கீழே இருப்பதையும் பாருங்கள்.

முதல் தண்டலில் கைக்கு வந்த 18,000க்கு 2,000 போனது. அதாவது 1/9. புதியவர் தருவது 10,500. அதற்கு 1,500 என்றால் 1/7. இரண்டையும் ஒப்பிட ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்: பகுதியைப் பொதுவாக்கி 63 ஆக்கினால், பழையது 7/63, புதியது 9/63. பிடித்தம் குறைவு என்று நீங்கள் நினைத்ததுதான் விலை கூடியது! அதோடு பழைய 200உம் புதிய 120உம் சேர்ந்து தினம் 320 கல்லாவிலிருந்து போகும். இட்லிக் கடை தாங்காது.

கொழுந்தனார் கணக்கில் வேறு சிக்கல். 3 ரூபாய் என்பதும் 100க்குத்தான், 10 என்பதும் 100க்குத்தான். ஆனால் அவருடையது மாதத்துக்கு, பேங்க்குடையது வருடத்துக்கு. காலத்தையும் ஒன்றாக்க வேண்டும் அல்லவா? 12ஆல் பெருக்கினால் அவர் கேட்பது 36/100, பேங்க் கேட்பது 10/100. 50,000க்கு அவருக்கு மாதம் 1,500, வருடம் 18,000. பேங்க்குக்கு வருடம் 5,000. "அசல் மெதுவாக" என்ற பேச்சுதான் எனக்குப் பயம் தருகிறது. மூன்று வருடம் வட்டி மட்டும் கட்டினால் 54,000 போயிருக்கும், அப்போதும் 50,000 அப்படியே நிற்கும். உங்களுக்கு வேண்டியது 10,000. கிடைக்கிறதே என்று 50,000 வாங்காதீர்கள்.

இதே கணக்கில் தண்டலையும் வருடத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். தினமும் திருப்பிக் கட்டுவதால் சராசரியாக உங்களிடம் இருப்பது 18,000 அல்ல, சுமார் 9,000. அதற்கு 100 நாளில் 2,000; வருடக் கணக்கில் 100க்கு 80ஐ ஒட்டி வரும். புதியவருடையது 100ஐயே தாண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் 2003ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்காகப் பழைய தண்டலை இன்றே அடைக்க ஓடாதீர்கள். வட்டியை முதல் நாளே எடுத்துவிட்டார். மீதி 8,000ஐ இப்போது கொடுத்தாலும் அவராகத் தள்ளிக் கொடுத்தால் தவிர ஒரு ரூபாயும் குறையாது. 40 நாளும் வழக்கம்போல் கட்டி முடியுங்கள். வளையலில் ஒன்றை பேங்க்கில் வைத்து 10,000 மட்டும் எடுங்கள். தண்டல் முடிந்த மறுநாளிலிருந்து அதே 200ஐத் தனியே எடுத்து வைத்து, வாரம் 1,400ஆக நகைக்கடனில் கட்டினால் சுமார் 50 நாளில் வளையல் வீட்டுக்கு வந்துவிடும். மொத்த வட்டி 200 ரூபாயை ஒட்டித்தான் வரும். மதிப்பீட்டுக் கட்டணம் தனி. இடையில் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று கிளையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

யாராவது செல்போன் ஆப் கடனைக் காட்டி "நாளுக்கு 0.1 சதவீதம்தான்" என்று சொன்னால், அதுவும் வருடத்துக்கு 36.5. 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட சில்லறைக் கடன்களுக்குக் கட்டணமெல்லாம் சேர்த்த வருட விகிதத்தை ஒரே தாளில் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் காட்டாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். "பேங்க்கில் எடுத்துவிட்டேன் தம்பி, 10,000தான் தேவைப்பட்டது" என்று சொல்லுங்கள், போதும். 40 நாள் முடிந்ததும் தண்டல் அட்டையில் கணக்கு முடிந்ததாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.