பிடித்த புத்தகமும் உருவாக்கிய புத்தகமும்

கேள்வி: சிறு வயது முதல் என்னை உருவாக்கிய புத்தகங்களைப் பேத்திக்காகப் பட்டியலிட உட்கார்ந்தேன். பத்து வயதில் உயிராய் இருந்த ஒரு சாகசக் கதையை மறுபடி படித்தால் சலிப்புத் தட்டுகிறது. அதைச் சேர்ப்பதா? நாற்பது வயதுக்குப் பின் படித்தவற்றில் ஒன்றுகூட நினைவுக்கு வராதது ஏன்?

பதில்: தாராளமாகச் சேருங்கள். சிறந்த நூல்களைப் பட்டியலிட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்களை உருவாக்கியவை எவை என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படிக்கும் அளவுக்கு ஒரு கதை அன்று உங்களைப் பிடித்து வைத்திருந்தது என்றால், அதன் நடை இன்று தட்டையாகத் தெரிவதால் அது அன்று செய்த வேலை இல்லையென்று ஆகிவிடாது. தயக்கம் வரும்போதெல்லாம், படித்து முடித்ததும் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள்: அடுத்த பாகத்தைத் தேடி அலைந்தீர்களா, ஒரு தொழிலின் மேல் ஆசை பிறந்ததா, வீட்டில் யாருடனாவது வாக்குவாதம் செய்தீர்களா? எதுவுமே நடக்கவில்லையென்றால், எவ்வளவு புகழ்பெற்ற நூலானாலும் விட்டுவிடுங்கள். (கௌரவத்துக்காகச் சேர்த்த தடித்த நூல்களைப் பேரப்பிள்ளைகள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.)

மற்ற நூல்களையாவது மறுபடி புரட்டுவதற்கு முன், நினைவிலுள்ள கதையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் பார்ட்லெட், தமக்குப் பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையைப் படித்தவர்கள் அதைத் திருப்பிச் சொல்லும்போது, புரியாதவற்றைக் கைவிட்டு, தெரிந்தவற்றை அந்த இடத்தில் வைத்துவிடுவதை 1932-இல் வெளியான தம் நூலில் காட்டினார். நீங்களும் உங்கள் கதையை இத்தனை ஆண்டுகளில் திருத்தி எழுதியிருப்பீர்கள். அந்தத் திருத்தங்கள்தாம் பேத்திக்குச் சுவையான பகுதி.

நாற்பதுக்குப் பிந்தைய வெற்றிடம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. நடுவயதைக் கடந்தவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையில் நடந்தவை மிகுதியாக வருவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிடித்த நூல்களிலும் இந்தச் சாய்வு தென்படுகிறது. எனவே சென்ற ஆண்டில் தொடங்கிப் பின்னோக்கி எழுதிப் பாருங்கள். ஒரு நோயை, ஒரு இழப்பை, ஒரு வேலை மாற்றத்தைச் சமாளிக்கக் கைகொடுத்த நூல்கள் அப்போது தலைகாட்டும்.

ஒவ்வொரு நூலின் பக்கத்திலும், அதை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். உ.வே. சாமிநாதையர் 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் கற்றிருந்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கினார். எதற்கும் அசையாத முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அப்போது ஐயருக்கு வயது 25. நூலை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 1887-இல் அதைப் பதிப்பித்தார், பிறகு வாழ்நாள் முழுவதும் ஏட்டுச்சுவடிகளோடுதான் இருந்தார். உங்கள் பட்டியலிலும் முதலியார்கள் இருப்பார்கள்: ஓர் ஆசிரியர், ஒரு நூலகர், இரவல் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத ஒரு நண்பர். அவர்களுடைய பெயர்கள் உங்களோடு மறைந்துவிடும் என்பதால், அவற்றை முதலில் எழுதிவிடுங்கள்.