சிஎஸ்எஸ்ஸில் செய்த திருத்தம் காணாமல் போகிறதா? மாதக் கட்டணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கேள்வி: எங்கள் அமைப்பின் இணையதளத்தை முன்பு ஒரு டெவலப்பர் பார்த்துக்கொண்டார். அவர் விலகிவிட்டதால் இப்போது என் பொறுப்பு. ஸ்டைல் கோப்பில் நிறத்தையும் எழுத்தளவையும் மாற்றினேன். சில நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. விசாரித்தால், “எஸ்சிஎஸ்எஸ்ஸைத் திருத்தி டெர்மினலில் கம்பைல் செய்ய வேண்டும்” என்கிறார்கள். ஒரு பாடத்தைப் பார்த்து அந்தக் கருவியை நிறுவ முயன்றேன். திரை முழுக்கப் பிழைச் செய்திகள், பைத்தான் இல்லை என்று ஒரு புகார் வேறு. சிஎஸ்எஸ்ஸுக்கும் பைத்தானுக்கும் என்ன சம்பந்தம்? மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தால் தானே கம்பைல் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? நான் புரோகிராமர் இல்லை.

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் செய்யப்போவது ஒரே ஒரு வரிக் கட்டளை. அதை டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், நீங்களே தட்டலாம். ஆனால் தட்டுவதற்கு முன்னால், மூலக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர் முழுதாக உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். இந்தப் பதிலில் இதையே நான் பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தின் நிறம், எழுத்தளவு போன்ற தோற்றத்தைப் பொறுத்தவரை பிரௌசருக்குப் புரிவது சிஎஸ்எஸ் மட்டும்தான். பெரிய தளத்துக்கு அதைக் கையால் எழுதினால் ஒரே நிறத்தை நூறு இடத்தில் எழுத வேண்டிவரும். அதனால் சாஸ் என்ற மொழியில் எழுதுகிறார்கள். எஸ்சிஎஸ்எஸ் என்று முடியும் கோப்புகள் அந்த மொழியில் இருப்பவை. அவற்றை ஒரு கருவி சிஎஸ்எஸ்ஸாக மாற்றித் தருகிறது. அதற்குத்தான் கம்பைல் செய்வது என்று பெயர். ஒவ்வொரு முறை ஓடும்போதும் அந்தக் கருவி பழைய சிஎஸ்எஸ்ஸில் என்ன இருந்தது என்று பார்ப்பதே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு முழுக்கப் புதிதாக எழுதும். நீங்கள் பேனாவால் திருத்தியது அச்சான தாளை. அடுத்த பிரதியைக் கையெழுத்துப் படியிலிருந்துதானே அடிப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. கம்பைல் என்பது தன்னால் நடக்காது. உங்கள் கோப்பு பழையபடி மாறியது என்றால், யாரோ ஒருவர் அல்லது சர்வரில் அமைத்த ஏதோ ஒரு ஏற்பாடு கருவியை ஓட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கோப்பை மறுபடி ஏற்றியிருக்க வேண்டும். பழைய டெவலப்பருக்கு இன்னும் உள்ளே நுழைய வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சர்வரே கம்பைல் செய்கிறது என்றால் ஒரு வகையில் நல்லதுதான்: நீங்கள் மூலத்தைத் திருத்தி அதனிடம் விட்டால் போதும், டெர்மினலைத் திறக்கவே வேண்டாம்.

சரி, பைத்தான் கதைக்கு வருவோம். பைத்தான் ஒரு நிரல்மொழி; உங்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் நிறுவ முயன்றது பெரும்பாலும் நோட்-சாஸ் என்ற பழைய தொகுப்பாக இருக்கும். அதன் உள்ளே இருப்பது சி++ மொழியில் எழுதிய லிப்சாஸ். உங்கள் கணினியில் உள்ள நோட் (ஜாவாஸ்கிரிப்டை பிரௌசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) பதிப்புக்குப் பொருந்தும் தயார் நிலைக் கோப்பு கிடைக்காவிட்டால், அது அந்தச் சி++ நிரலை உங்கள் கணினியிலேயே கட்டப் பார்க்கும். அந்தக் கட்டுமான வேலைக்குத்தான் பைத்தானைத் தேடுகிறது. நிறம் மாற்ற வந்தவரிடம் சி++ கட்டுமானத்தைத் தள்ளிவிடும் வேடிக்கை இது. லிப்சாஸை 2020-லேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். அதற்கும் முந்தைய ரூபி சாஸுக்கான ஆதரவு 2019 மார்ச்சில் முடிந்தது. ஆனாலும் அந்த ரூபி சாஸை நிறுவச் சொல்லி, “ஜெம் இன்ஸ்டால் சாஸ்” என்று தொடங்கும் பாடங்கள் தேடலில் இன்னும் வந்து நிற்கின்றன. ஒரே மொழிக்கு மூன்று கருவி, அதில் இரண்டு செத்துப்போனவை, அதை யாரும் வாசலில் எழுதி வைப்பதில்லை. புதிதாக வருகிறவர் தன்னைத்தான் முட்டாள் என்று நினைத்துக்கொள்கிறார். பைத்தானை நிறுவி அந்தப் பிழையைத் துரத்தாதீர்கள். பின்னாலேயே இன்னொன்று வரும்.

இன்று உயிரோடு இருப்பது டார்ட் சாஸ் ஒன்றுதான். நிறுவ இரண்டு வழி எளியது. உங்களிடம் நோட் இருந்தால், அதோடு வரும் என்பிஎம் என்ற நிறுவுகருவி மூலம் ‘சாஸ்’ என்ற தொகுப்பை நிறுவுங்கள். பெயரில் அந்த நான்கு ஆங்கில எழுத்து மட்டும்தான். முன்னால் ‘நோட்’ வந்தால் அது பழையது. நோட் இல்லையென்றால் இதற்காக அதை நிறுவ வேண்டாம். கிட்ஹப்பில் டார்ட் சாஸ் வெளியீட்டுப் பக்கத்தில் உங்கள் இயங்குதளத்துக்கான சுருக்கிய கோப்பு இருக்கும்; இறக்கி, விரித்து, அந்த ஃபோல்டரை, கட்டளைகளை எங்கே தேடுவது என்று கணினிக்குச் சொல்லும் பாத் பட்டியலில் சேர்த்தால் போதும். பிறகு டெர்மினலில் ‘சாஸ் --வெர்ஷன்’ என்று கேளுங்கள். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.) ஒரு பதிப்பு எண் வந்தால் நிறுவல் முடிந்தது.

அடுத்து மூல ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பல கோப்புகளின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். அவை துண்டுக் கோப்புகள். தனியாகக் கம்பைல் செய்ய அல்ல. அடிக்கோடு இல்லாத ஒன்றோ இரண்டோ இருக்கும், அதுதான் தலைமைக் கோப்பு. துண்டுகளை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் பெயர் மெயின் என்று வைத்துக்கொண்டால் கட்டளை இவ்வளவுதான்:

சாஸ் மெயின்.எஸ்சிஎஸ்எஸ் சோதனை.சிஎஸ்எஸ்

முதலில் வருவது மூலம், இரண்டாவது விளைவு. இந்த வரிசையை ஒருபோதும் மாற்றிவிடாதீர்கள். இரண்டாவதாக எந்தப் பெயர் இருக்கிறதோ அதன் மேல் கருவி எழுதும், “நிச்சயமா?” என்று கேட்காது. தலைகீழாகக் கொடுத்தால் உங்கள் மூலக் கோப்பின் மேலேயே சிஎஸ்எஸ் போய் உட்கார்ந்துவிடும். அதனால் எதையும் தொடுவதற்கு முன் ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

விளைவுக்கு நான் ‘சோதனை’ என்று பெயர் வைத்தது வேண்டுமென்றுதான். முதல் முறை எந்தத் திருத்தமும் செய்யாமல், இருப்பதை இருக்கிறபடியே கம்பைல் செய்யுங்கள். வந்ததை, இப்போது தளத்தில் ஓடும் சிஎஸ்எஸ்ஸோடு ஒப்பிடுங்கள். இடைவெளி, வரி அமைப்பு வேறாக இருந்தால் பரவாயில்லை. நிறங்களும் அளவுகளும் வேறாக இருந்தால், அல்லது தளத்தில் உள்ள விதிகள் இதில் இல்லவே இல்லையென்றால், உங்களுக்குக் கொடுத்த மூலம் கடைசிப் பதிப்பு அல்ல. யாரோ உங்களைப் போலவே சிஎஸ்எஸ்ஸில் நேரடியாகக் கைவைத்திருக்கிறார்கள், அல்லது புதிய மூலத்தைத் தராமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் தளத்தில் ஏற்றினால் மற்றவர்கள் செய்த வேலையை நீங்கள் அழித்துவிடுவீர்கள்.

ஃபோல்டரில் பேக்கேஜ்.ஜேசன் என்ற கோப்பு (தளத்துக்குத் தேவையான தொகுப்புகளையும் கட்டளைகளையும் குறித்து வைப்பது) இருந்தால் அதில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியைப் பாருங்கள். ‘பில்ட்’ போன்ற பெயரில் ஒரு வரி இருந்தால் அதையே ஓட்டுங்கள். சாஸுக்குப் பின், சிஎஸ்எஸ்ஸில் பிரௌசர்களுக்கான முன்னொட்டுகளைச் சேர்க்கும் ஆட்டோபிரிஃபிக்ஸர் போன்ற இன்னொரு கருவி ஓடும்படி பழையவர் அமைத்திருக்கலாம். வெறும் சாஸ் அந்த வேலையைச் செய்யாது.

ஒப்பீடு சரியாக இருந்தால் இனி எளிது. திருத்தும்போது ‘--வாட்ச்’ சேர்த்து ஓட்டினால், நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தானாகக் கம்பைல் ஆகும். நிறுத்த கன்ட்ரோலும் சி-யும். தளத்தில் ஏற்றும்போது ‘--ஸ்டைல்=கம்பிரெஸ்டு’ சேர்த்தால் இடைவெளிகள் நீங்கிக் கோப்பு சிறிதாகும். பக்கத்தில் மேப் என்று முடியும் ஒரு கோப்பும் உருவாகும்; சிஎஸ்எஸ்ஸின் எந்தப் பகுதி மூலத்தில் எங்கிருந்து வந்தது என்று குறிப்பது அது. பயப்பட வேண்டாம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விளைவுக் கோப்பின் பெயரைக் கொடுக்காவிட்டால் சிஎஸ்எஸ் முழுவதும் திரையில் கொட்டும். அதைப் பார்த்துவிட்டுச் சிலர் அம்புக்குறி (>) போட்டுக் கோப்புக்குத் திருப்பச் சொல்லித் தருகிறார்கள். கேட்காதீர்கள். அம்புக்குறி போட்டால் சாஸ் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே டெர்மினல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். உங்கள் எழுத்தில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தால், மிஞ்சுவது வெற்றுக் கோப்பு. விண்டோஸின் டெர்மினல்களில் ஒன்றான பவர்ஷெல்லின் பழைய பதிப்பில் எழுத்துக் குறியீடே மாறிப்போகும். பெயரை நேராகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்போதும் பிழை வரலாம். சாஸ் அந்தப் பிழைச் செய்தியையே சிஎஸ்எஸ் கோப்பில் எழுதி, பக்கத்தின் உச்சியில் தெரியும்படி செய்துவிடும். உங்கள் கணினியில் அது உதவி. அதை அப்படியே தளத்தில் ஏற்றினால் உலகமே படிக்கும்.

பிழையும் எச்சரிக்கையும் வேறு என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். ‘எரர்’ என்று வந்தால் வேலை நடக்கவில்லை. கீழே கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். ‘டெப்ரிகேஷன் வார்னிங்’ என்று வந்தால் வேலை நடந்துவிட்டது, ஆனால் பின்னாளில் இந்த எழுத்துமுறை செல்லாது என்று பொருள். பழைய தளமென்றால், துண்டுக் கோப்புகளை உள்ளே இழுக்கும் இம்போர்ட் கட்டளையைப் பற்றியும், சாய்கோட்டால் வகுப்பதைப் பற்றியும் இவை மழை போலக் கொட்டும். சாஸ் 3.0 பதிப்பில் இம்போர்ட்டை நீக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு உங்கள் நிறம் மாறுவதற்கு இது தடையில்லை. எச்சரிக்கையைக் காட்டி, “தளத்தையே புதிதாகக் கட்ட வேண்டும்” என்று யாராவது விலை பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். மாற்றி எழுதித் தர சாஸ் குழுவே மைக்ரேட்டர் என்று ஓர் இலவசக் கருவி வைத்திருக்கிறது.

இனி அந்த மாதக் கட்டணக்காரர். இந்தத் துறையில் இடைத்தரகர்கள் பலவகை. இலவசக் கருவிக்கு மேல் ஒரு பட்டனை ஒட்டிவைத்து மென்பொருளாக விற்பவர்கள் ஒரு வகை. ஆன்லைனில் ஒட்டினால் மாற்றித் தருகிறோம் என்பவர்கள் இன்னொரு வகை. அங்கே தலைமைக் கோப்பை ஒட்டினால் துண்டுக் கோப்புகள் அதற்குத் தெரியாது, பிழைதான் வரும். மோசமானவர்கள் மூன்றாம் வகை: மூலத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, சுருக்கிய சிஎஸ்எஸ்ஸை மட்டும் உங்களுக்கு அனுப்புவார்கள். ஒரே வரியில் நெருக்கி அடைத்த கோப்பை உங்களால் எளிதில் திருத்த முடியாது. ஒரு புள்ளி மாற்றவும் அவரிடமே போக வேண்டும். கட்டணம் கட்டுவது இதற்குத்தான், கம்பைலுக்கு அல்ல. வேலையை யாரிடம் கொடுத்தாலும் மூல ஃபோல்டர், பேக்கேஜ்.ஜேசன், தொகுப்புகளின் சரியான பதிப்புகளைக் குறித்து வைக்கும் அதன் லாக் கோப்பு, கம்பைல் செய்யும் கட்டளை வரி ஆகிய நான்கையும் ஒப்படைத்தால்தான் கடைசித் தவணை என்று எழுதி வாங்குங்கள். இறக்கிய தொகுப்புகள் இருக்கும் நோட்மாட்யூல்ஸ் ஃபோல்டரைக் கேட்க வேண்டாம், அதை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

பழைய டெவலப்பர் மூலத்தைத் தராமலே போயிருந்தால்? அப்போதும் ஒரு வழி இருக்கிறது, சற்று விரிவாகவே சொல்கிறேன். சர்வரில் சிஎஸ்எஸ்ஸுக்குப் பக்கத்தில் மேப் என்று முடியும் கோப்பு கிடக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சிஎஸ்எஸ்ஸின் கடைசி வரியில் ‘சோர்ஸ்மேப்பிங்யூஆர்எல்’ என்று ஒரு குறிப்பு இருக்கலாம். சில நேரம் மேப் முழுவதையும் அங்கேயே திணித்திருப்பார்கள். மேப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து ‘சோர்சஸ்கன்டென்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருந்து, அதன் பின்னால் நிறைய எழுத்து இருந்தால், எஸ்சிஎஸ்எஸ் மூலம் அப்படியே உள்ளே இருக்கிறது. வெப்பேக் என்ற கட்டுமானக் கருவி வழியாகக் கட்டிய தளங்களில் இப்படிக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெறும் சாஸ் கட்டளையால் செய்த மேப்பில் ‘--எம்பெட்-சோர்சஸ்’ கொடுத்திருந்தால்தான் இருக்கும். இல்லாவிட்டால் கோப்புகளின் பெயர் மட்டும். பெயர் கிடைத்தாலும் லாபம்தான். எந்தெந்தக் கோப்பு இருந்தது என்று ஆதாரத்தோடு கேட்கலாம், “அப்படி ஒன்றும் இல்லையே” என்று அவரால் மழுப்ப முடியாது.

அதுவும் இல்லையென்றால் இருக்கிற சிஎஸ்எஸ்ஸையே மூலமாக்கிக்கொள்ளுங்கள். சில சிறு விதிவிலக்குகள் தவிர, செல்லுபடியாகும் எந்தச் சிஎஸ்எஸ்ஸும் எஸ்சிஎஸ்எஸ்ஸாகவும் செல்லும். ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியை எஸ்சிஎஸ்எஸ் என்று மாற்றி, ‘--ஸ்டைல்’ எதுவும் கொடுக்காமல் வேறு பெயருக்குக் கம்பைல் செய்தால், நெருக்கி அடைத்த வரி ஒவ்வொரு விதியாக விரிந்து வரும். விரிந்து வந்ததற்கு மெயின்.எஸ்சிஎஸ்எஸ் என்று பெயர் வையுங்கள். அடிக்கடி மாற்றும் நிறங்கள் நாலைந்தை மட்டும் மேலே மாறிகளாக (அதாவது ஒரு பெயர் வைத்து) எழுதிக்கொண்டு, மற்றதை வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.