0 பைட் காட்டும் சர்வர் டிரைவ்

கேள்வி: போட்டோ, வீடியோ, பேக்கப் எல்லாம் போட்டு வைக்க வீட்டுக்கு ஒரு ஸ்டோரேஜ் சர்வர் கட்டுகிறேன். பெரிய நிறுவன ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து கழற்றிய 4 டிபி எஸ்.ஏ.எஸ். (சர்வர்களில் வரும் இணைப்பு வகை) டிரைவ் ஆறு வாங்கினேன். லினக்ஸில் மாடலும் சீரியல் நம்பரும் தெரிகின்றன, அளவு மட்டும் 0 பைட். ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. உங்கள் டிரைவ் 520 பைட் செக்டாரில் (தகவலைப் பிரித்து வைக்கும் சிறு துண்டு) ஃபார்மேட் ஆகியிருக்கும். வீட்டுக் கணினிகள் எதிர்பார்ப்பது 512 அல்லது 4096. நிறுவன ஸ்டோரேஜ் பெட்டிகள் ஒவ்வொரு செக்டாரிலும் 8 பைட் கூடுதலாக வைத்து, எழுதிய தகவல் கெடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்ணை அதில் போடும். சிலவற்றில் 528 பைட்கூட உண்டு. லினக்ஸுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது, அதனால்தான் 0 என்கிறது.

முதலில் டிரைவைக் கணினியோடு இணைக்கும் எஸ்.ஏ.எஸ். கார்டைப் பாருங்கள். ரெய்டு மோடில் (பல டிரைவை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் முறை) இருந்தால் டிரைவோடு நேரடியாகப் பேச விடாது, ஐ.டி. மோடில் (ஒவ்வொரு டிரைவையும் அப்படியே காட்டும் முறை) இருக்க வேண்டும். அப்புறம் எஸ்ஜி3-யூட்டில்ஸ் தொகுப்பைப் போட்டு, அதிலுள்ள எஸ்ஜி-ரீட்கேப் கட்டளையால் செக்டார் அளவை உறுதி செய்துகொண்டு, எஸ்ஜி-ஃபார்மேட் கட்டளையில் அளவு 512 என்று கொடுங்கள். பாதுகாப்புத் தகவல் (செக்டாரோடு சேரும் சரிபார்ப்பு எண்) வகை 2 என்று ஏதாவது காட்டினால் அதையும் 0 ஆக்கச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டளை மூன்று முறை எச்சரித்து, பதினைந்து விநாடி பொறுத்த பிறகுதான் வேலையைத் தொடங்கும், அந்தப் பதினைந்து விநாடியில் சீரியல் நம்பரை இன்னொரு தடவை பாருங்கள், ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் நல்ல டிரைவை அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய பேர்.

இது நாம் வழக்கமாகச் செய்யும் இரண்டு விநாடி ஃபார்மேட் இல்லை. டிரைவ் தன் தட்டு முழுவதையும் திரும்ப எழுதுகிறது. விநாடிக்குச் சராசரி 150 எம்பி என்று வைத்தால்கூட 4 டிபிக்கு ஏழரை மணி நேரம், எழுதியதைச் சரிபார்க்கவும் செய்தால் அதைவிட நீளும். வேலையை டிரைவே செய்துகொள்வதால் ஆறையும் ஒரே நேரத்தில் ஓட விடலாம். ஆனால் ஃபேன் வைக்காமல் மேசையில் அடுக்கி ஓட விடாதீர்கள், கை வைக்க முடியாத சூடு வரும்.

நடுவில் கரண்ட் போகக் கூடாது. எனக்கு ஒரு தடவை பாதியில் போனது. திரும்ப ஆன் செய்தால் 'ஃபார்மேட் சிதைந்தது' என்கிறது, ஒரு செக்டார்கூடப் படிக்கவில்லை. போச்சு என்று நினைத்தேன். அதே கட்டளையை முதலிலிருந்து கொடுத்து முழுசாக முடிக்க விட்டதும் எழுந்து உட்கார்ந்தது. யுபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள்.

512 ஆனதும் கொண்டாட வேண்டாம், உண்மையான வேலை இனிமேல்தான். ஸ்மார்ட் அறிக்கையில் (டிரைவ் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் பட்டியல்) ஓடிய மணி நேரத்தையும், 'க்ரோன் டிஃபெக்ட் லிஸ்ட்' எண்ணையும் (ஓடும்போது கெட்டுப்போன செக்டார்களின் எண்ணிக்கை) குறித்து வையுங்கள். 40,000 மணி என்றால் நான்கரை வருடம் நிற்காமல் ஓடியிருக்கிறது, அது மட்டும் எனக்குப் பயமில்லை. அடுத்து பேட்பிளாக்ஸ் என்ற சோதனைக் கட்டளையை எழுதும் முறையில் ஓட்டுங்கள். நான்கு மாதிரியில் எழுதி எழுதிப் படிக்கும், அதாவது தட்டு முழுக்க எட்டுச் சுற்று. 4 டிபிக்கு இரண்டரை நாள். முடிந்ததும் டிஃபெக்ட் எண்ணை மறுபடி பாருங்கள். முன்பு இருந்த அளவிலேயே நின்றால் சரி. ஏறியிருந்தால் எத்தனை சின்ன எண்ணாக இருந்தாலும் விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் டிரைவ் ஃபார்மேட் கட்டளையையே மறுக்கிறது. பூட்டு போட்டது என்று யாரோ சொன்னார்கள்.

பதில்: தானாகவே என்கிரிப்ட் செய்யும் வகையாக இருக்கலாம். பழைய உரிமையாளரின் பாஸ்வேர்ட் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. லேபிளில் 'பி.எஸ்.ஐ.டி.' என்று 32 எழுத்துச் சரம் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் செட்யூட்டில் போன்ற கருவியில் அதைக் கொடுத்து ஆலை நிலைக்குத் திருப்பலாம். உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும், அதுதானே வேண்டும். லேபிளைக் கிழித்து விற்றிருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: நான் வாங்கியது சாட்டா (வீட்டுக் கணினிகளில் வரும் இணைப்பு வகை) டிரைவ். பழைய கேஸில் சுற்றவே மாட்டேன் என்கிறது, வேறொரு பெட்டியில் நன்றாக ஓடுகிறது.

பதில்: இதற்கு ஃபார்மேட் காரணமில்லை. புதிய சாட்டா விதியில் பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்து கிட' என்று அர்த்தம். பழைய பவர் சப்ளை அங்கே எப்போதும் 3.3 வோல்ட் அனுப்பும், டிரைவும் சொன்ன பேச்சைக் கேட்டு அணைந்தே கிடக்கும். முதல் மூன்று பின்னையும் கேப்டன் டேப்பால் (சூடு தாங்கும் மின்காப்பு டேப்) மூடினால் போதும். மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு பின் பவர் கனெக்டர்) சாட்டாவுக்கு மாற்றும் ஒயரும் வேலை செய்யும், அதில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது. ஆனால் கனெக்டரை பிளாஸ்டிக்கில் உருக்கி வார்த்த மலிவு வகை வேண்டாம், உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசிப் புகை வந்த கதை நிறைய உண்டு.